கல்லடிக் கூட்டம்: கொள்கையும் ஒன்பது கட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிக் கூட்டம் என்பது புதுச்சேரியிலும் கடலூரிலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுக்காக உருவாக்கிய ஒரு கடத்தல் கூட்டம். கூட்டமும் ஆட்களும் கட்டுகளும் கற்பனை. நிலம், ஆறு, ஆண்டு, அரசாங்க உத்தரவு எல்லாம் நிஜம். கதைக்காலம் 1949 முதல் 1954 வரை. ஒருவர் கதைசொல்லி, நான்கிலிருந்து ஆறு பேர் கூட்டத்து ஆட்கள். புதிதாகச் சேருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

‘கல்லடி’ என்றால் கல்லால் அடிப்பதா?

இல்லை, கல்லின் அடி. பாகூர்ப் பக்கத்து வயல் ஒன்றில் பிரெஞ்சு நிலமும் இந்திய நிலமும் பிரியும் வரப்பில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது. கூட்டம் கூடுவதும் சத்தியம் வாங்குவதும் பங்கு பிரிப்பதும் அதன் அடியில்தான். கல்லுக்கு ஒரு பக்கம் பிரெஞ்சுச் சட்டம், மறுபக்கம் இந்தியச் சட்டம். கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உட்கார்ந்தால் அதற்குள் கூட்டத்தின் கட்டு. ‘கட்டு’ என்ற சொல் ஊர்க்கட்டுப்பாட்டிலிருந்து எடுத்தது.

கதை ஏன் 1949-ல் தொடங்குகிறது?

பிரெஞ்சு இந்தியாவோடு 1941-ல் செய்துகொண்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிவுக்கு வந்தது. அதுவரை வரப்பாக இருந்தது சுங்க எல்லையாக மாறியது. அதற்குச் சற்று முன்பே, 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. புதுச்சேரியில் கடைகள் திறந்தே இருந்தன. மாகாணத்தில் அரிசிக்கு ரேஷனும் கட்டுப்பாடும் வேறு. சுங்கம், சாராயம், அரிசி என்று மூன்று காரணங்கள் ஒரே வரப்பில் வந்து விழுந்த காலம் அது. கூட்டம் உருவாக வேறு காரணம் தேவையில்லை.

வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புதுச்சேரி எல்லை நேர்கோடு அல்ல. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன்கள் (பிரெஞ்சு நிர்வாகப் பிரிவுகள்) தென்னார்க்காட்டு நிலத்துக்குள் துண்டு துண்டாகப் புகுந்து கிடக்கும். ஒரு நாள் நடையில் பல தடவை நாடு மாறும். புதிய கதைசொல்லிகள் எல்லையை ஒரே ஒரு சுங்கச்சாவடியாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் ஆட்டம் வெறும் பூட்டு உடைக்கும் கதையாகச் சுருங்கிவிடும்.

கூட்டத்தின் கொள்கை என்ன?

“கோடு நாம் போட்டதில்லை.” இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. அக்கா வீடு ஒரு நாட்டிலும் தங்கை வீடு ஒரு நாட்டிலும் இருக்கிறது. ஒரே ஏரித் தண்ணீர் இரண்டு நாட்டு வயலுக்கும் பாய்கிறது. சீமையில் உட்கார்ந்து யாரோ போட்ட கோட்டைத் தாண்டுவது பாவம் இல்லை என்று கூட்டம் நம்புகிறது.

இந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது. 1908-ல் பாரதியார் புதுச்சேரி வந்ததும், 1910-ல் அரவிந்தர் வந்ததும், வ.வே.சு. ஐயர் வந்ததும் இந்தக் கோட்டின் நிழலை நம்பித்தான். 1918 நவம்பரில் கோட்டைத் தாண்டியதும் பாரதியாரைக் கடலூர் அருகே கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். கூட்டத்தில் வயதானவராக ஆடுபவர் இதைக் கேள்விப்பட்டவராக இருப்பது இயல்பு.

ஆனால் கொள்கைக்குள்ளேயே ஒரு முள் உண்டு. எந்தக் கோட்டைக் கூட்டம் வெறுக்கிறதோ அந்தக் கோடுதான் கூட்டத்துக்குச் சோறு போடுகிறது. கோடு அழிந்த மறுநாள் சுமைக்குக் கூலி இல்லை. இதை ஆட்டக்காரர்கள் மறக்காமல் வைத்திருந்தால்தான் 1954 வரும்போது கதை கனக்கும். கூட்டத்தைத் தேசபக்தர் படையாகவோ வெறும் கொள்ளைக்காரர்களாகவோ ஆடினால் முள் போய்விடும். இரண்டையும் தவிர்க்கும்படி உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்பது கட்டும் என்னென்ன?

எழுதி வைப்பது கிடையாது. வாயால் சொல்லி மனப்பாடம் செய்வது. வரிசை மாறக் கூடாது. கல் தொட்ட கை வட்டத்துக்குள் பொய் சொல்லாது. எந்தக் கரையிலும் எடுக்காதே. அரிசிக்கும் மருந்துக்கும் லாபம் இல்லை. பங்கு பிரியும் வரை தொண்டை காயட்டும். கம்பு உண்டு, கத்தியும் துப்பாக்கியும் இல்லை. கணக்கு வெளிச்சத்தில். உள்ளே போனவர் வீட்டு அடுப்பு அணையக் கூடாது. தண்ணீரில் துறையாள் சொல்லே சொல். போகிறவருக்கு வழி விடு.

முதல் கட்டு வட்டத்துக்குள் மட்டும் செல்லும். வெளியே சுங்கத்தாரிடம் பொய் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது, திருடாமை. கடத்தல் வேறு, திருட்டு வேறு என்பதில் கூட்டம் பிடிவாதமாக இருக்கும். அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: ஒரு தேங்காய் திருடுபோனாலும் மறுநாள் இரவு அந்தத் தோப்பில் நாய் கட்டுவார்கள், வழி ஒன்று போகும்.

யார் யாருக்கு என்ன பொறுப்பு?

முழுக் கூட்டம் 12 பேர். முன்னால் போய்த் தீர்மானம் எடுப்பவர் முன்னேர். ‘முன் ஏர் போன வழி பின் ஏர்’ என்பதிலிருந்து வந்த பெயர். ஆற்றைக் கடத்துபவர் துறையாள். அக்கரையில் அரிக்கேன் விளக்கை மூன்று பக்கமும் ஈரச்சாக்கால் மறைத்துச் சைகை காட்டுபவர் விளக்காள். கூட்டத்தின் பொதுப் பணம் சேரும் பானையைக் காப்பவர் கணக்கர். மீதி எட்டுப் பேர் சுமை. சுமைக்கு ஒரே அளவு: தலையில் ஒரு மண்ணெண்ணெய் டின், கையில் ஒரு கம்பு. டின் ஏறக்குறைய 18 லிட்டர் கொள்ளும். இரண்டு டின்னைக் காவடியாகக் கட்டினால் கூலி இரட்டிக்கும் என்று கணக்குப் போடாத ஆட்டக்காரர் இல்லை. ஆற்று மணலில் அந்தப் பாரத்தோடு காலைப் பிடுங்குவதற்குள் விடிந்துவிடும். கம்பு பிடிக்கக் கையும் இருக்காது.

பங்கை எப்படிப் பிரிப்பது?

கூட்டத்தின் சாரமே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

காலம் அணாக் காலம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பைசு. 100 பைசா கணக்கு 1957 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. ஒவ்வொரு ரூபாயிலும் 2 அணா பொதுப்பானைக்கு. 1 அணா தோணிக்காரருக்கோ வண்டிக்காரருக்கோ. 1 அணா துறையாளும் விளக்காளும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது, உயிரைப் பணயம் வைப்பதற்கு. மீதி 12 அணா தலைக்குச் சமம்.

ஒரு சுமைக்குக் கூலி 10 ரூபாய் என்று ஆட்டத்தில் வைத்திருக்கிறோம். எட்டுச் சுமையும் கரை சேர்ந்தால் 80 ரூபாய். பானைக்கு 10, தோணிக்கு 5, துறையாளுக்கும் விளக்காளுக்கும் தலா இரண்டரை. மீதி 60 ரூபாயை 12 பேர் பிரித்தால் தலைக்கு 5 ரூபாய். முன்னேருக்கும் அதே 5 ரூபாய்தான். 1722-ல் இறந்த கடற்கொள்ளையர் பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பல் உடன்படிக்கையில் தலைவருக்கு இரண்டு பங்கு, சாதாரண ஆளுக்கு ஒரு பங்கு. அந்த முறையைக் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தக் கரையில் மீன்பிடிப்பில் கட்டுமரத்துக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. கூட்டத்தின் கணக்கு அதையொட்டி வந்தது. பொருளுக்கும் ஆபத்துக்கும் கூடுதல் உண்டு, பதவிக்குக் கிடையாது.

ஐந்து சுமைதான் போனது, ஆட்கள் ஒன்பது என்றால்? வரவு 50 ரூபாய். தலைப்பங்குக்கு 37 ரூபாய் 8 அணா. ஒன்பதால் வகுத்தால் 4 ரூபாய் 2 அணா 8 பைசு. பைசைப் பிரிப்பதில்லை, ஒன்பது எட்டு 72 பைசு, அதாவது 6 அணா, பானைக்குப் போகும். இந்த 6 அணாவைக் கணக்கர் சொல்லாமல் விட்டால் அது ஆறாம் கட்டு மீறல். அளவு சிறிது என்பது சமாதானம் ஆகாது. கதைசொல்லிகள் இந்த மாதிரி இடத்தில்தான் முதல் சந்தேகத்தை விதைக்க வேண்டும். பெரிய துரோகத்தை யாரும் எதிர்பார்ப்பார்கள். 6 அணாவை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

‘கணக்கு வெளிச்சத்தில்’ என்றால் விளக்கொளியா, பகலா?

பகல். இரவில் களைப்பும் பயமும் தீராமல் பிரித்தால் சண்டை வரும். கடத்திய மறுநாள், வெயில் சாய்வதற்குள் பிரிக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கூடினால் கண்ணில் படும் என்பதால், களத்துமேட்டில் நெல் தூற்ற வந்தவர்கள் மாதிரி வருவார்கள்.

பிடிபட்டவர் வீட்டுக்கு எவ்வளவு?

நாளைக்கு ஒரு படி அரிசி. மாதம் 30 படி. எட்டுப் படி ஒரு மரக்கால் என்றால் 3 மரக்கால் 6 படி. அதோடு எண்ணெய், உப்பு, புளி. ஆட்டத்தில் இதற்கெல்லாம் சேர்த்து மாதம் 15 ரூபாய்.

இந்த ஏழாம் கட்டுதான் கூட்டத்தைத் தாங்குவதும் கவிழ்ப்பதும். மாதம் இரண்டு இரவு வேலை. எட்டுச் சுமை இருந்தால் பானைக்கு 20 ரூபாய் சேரும். ஒரு வீட்டைத் தாங்கலாம், 5 ரூபாய் மிஞ்சும். இரண்டு சுமையாட்கள் பிடிபட்டால் வரவே 60 ரூபாயாக இறங்கும். பானைக்கு இரவுக்கு 7 ரூபாய் 8 அணா, மாதம் 15. கொடுக்க வேண்டியது 30. பாதிதான் இருக்கிறது. அப்போது மூன்றே வழி: தலைப்பங்கைக் குறைப்பது, கூடுதலாக ஓர் இரவு நிலா வெளிச்சத்தில் போவது, அல்லது மூன்றாம் கட்டை மீறி அரிசியில் லாபம் வைப்பது. மூன்றிலும் ஏதோ ஒன்று உடையும். எதை உடைப்பது என்று ஆட்டக்காரர்கள் வாதாடட்டும். கதைசொல்லி வாயைத் திறக்க வேண்டாம்.

அரிசியிலும் மருந்திலும் லாபம் இல்லையென்றால் ஏன் சுமக்க வேண்டும்?

ஊர் வாயை மூட வைப்பது அதுதான். சாராயம் வந்தால் ஊரில் பாதிப் பேர், முக்கியமாகப் பெண்கள், திட்டுவார்கள். ரேஷன் காலத்தில் நொய் இல்லாத வீட்டுக்கு அரிசி வந்தால் அதே வாய் சுங்கத்தாரிடம் “யாரையும் பார்க்கலை ஐயா” என்று சொல்லும். 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் இந்தச் சுமை குறைந்துவிடும். அதற்குப் பிறகு கூட்டத்துக்குச் சாராயம்தான் மிச்சம். ஊரின் முகம் மாறுவதை அந்த ஆண்டு ஆட்டங்களில் கட்டாயம் காட்டுங்கள்: தண்ணீர் கேட்டால் சொம்பு வரத் தாமதமாகும், திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

ஆயுதம் ஏன் கூடாது?

கம்பு சேற்றின் ஆழம் பார்க்க. முழங்கால் வரை இறங்கினால் வழியை மாற்ற வேண்டும். துப்பாக்கி வந்தால் சுங்கக் குற்றம் கொலைக் குற்றமாகிவிடும். இரண்டு நாட்டுப் போலீசும் சேர்ந்து தேடும். இரண்டும் சேராமல் இருப்பதில்தான் கூட்டத்தின் பிழைப்பு இருக்கிறது.

ஆற்றில் துறையாள் முன்னேருக்கே உத்தரவு போடலாமா?

போடலாம், போட வேண்டும். கால் தண்ணீரில் பட்ட நொடியிலிருந்து அக்கரை மணலில் ஏறும் வரை முன்னேர் ஒரு சுமையாள் மட்டுமே.

காரணம் பெண்ணையாறு. குருவிநத்தம், சோரியாங்குப்பம் பக்கம் ஆற்றைப் பார்த்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறதோ என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மணல் இடம் மாறிவிடும். போன மாதம் கணுக்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இந்த மாதம் ஆளை விழுங்கும் பள்ளம். கர்நாடகத்தில் பிறந்து வரும் ஆறு அது. மேற்கே பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போது வந்து சேரும். இரவில் நுரையும் சருகும் மிதந்து வந்தால் துறையாள் கம்பை உயர்த்துவார்; அவ்வளவுதான், அன்றைய வேலை முடிந்தது. சாத்தனூர் அணை 1958-ல்தான் முடிந்தது. ஆகவே “அணையைத் திறந்துவிட்டார்கள்” என்று கதைசொல்லி வெள்ளம் வரவழைக்க முடியாது.

கடல் வழியாகப் போகும் ஆட்டங்களில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பெரிய ஓதத்தை நம்பிக் கழிமுகத்தில் தோணியை ஏற்றுவது வேறு கடற்கரைகளின் கதை. கடலூர்க் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். இங்கே தோணியைத் தடுப்பது முகத்துவாரத்தில் சேரும் மணல் திட்டு. அமாவாசையைத் தேர்ந்தெடுப்பது இருட்டுக்காக.

வேலை செய்யக் கூடாத நாள் உண்டா?

தை ஐந்தாம் நாள், ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்று மணலில் சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். இரண்டு நாட்டுச் சொந்தங்களும் ஒரே மணலில் சந்திக்கும். கூட்ட நெரிசலில் கடத்துவது சுலபம்தான். ஆனாலும் அன்று சுமை தூக்கினால் முழு விலக்கு. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குச் சுங்கத்தாரை இழுத்து வரக் கூடாது.

பெண்கள் கூட்டத்தில் உண்டா?

உண்டு, முழுப் பங்கோடு. மீன் கூடைக்காரம்மாக்கள் தினமும் கோட்டைத் தாண்டுபவர்கள். எந்தச் சாவடியில் ஆள் மாறியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பிடிபட்டவர் வீட்டுப் பெண்ணுக்கு வட்டத்தில் அவருடைய இடமும் வாக்கும் போகும். இதை ஆட்டத்தில் விட்டுவிடாதீர்கள். பானையில் என்ன இருக்கிறது என்று தயங்காமல் கேட்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாவை (சிப்பாயை)ச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பென்ஷன் வாங்குபவர் என்பதால் இழக்க அவருக்கு நிறைய இருக்கிறது. துப்பாக்கி தெரிந்தவர் கையில் கம்பு மட்டும் இருப்பதும் நல்ல உரசல்.

கூட்டம் முழுவதையும் ஒரே சாதியாக வைக்கலாமா?

வேண்டாம். 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறப்பாலேயே குற்றவாளி என்று சமூகங்களைப் பதிவு செய்து, கைரேகை வாங்கி, ஊரை விட்டு நகரவிடாமல் அடைத்தது. நாடு முழுவதும் அது நீங்கியது 1952 ஆகஸ்ட் 31-ல், நம் கதைக்காலத்துக்கு நடுவில். ஒரு சாதியை எடுத்துக் கடத்தல்காரர் கூட்டமாகக் காட்டுவது அந்தச் சட்டத்தின் பொய்யை நாமும் திருப்பிச் சொல்வது. கூட்டத்தில் மீனவர், நெல் அறுப்பவர், நெசவாளி, வண்டிக்காரர், வேலை போன ஆலைத் தொழிலாளி என்று தொழிலால் கலந்து வையுங்கள். சாதிப் பிரிவினை அந்தக் காலத்தில் இருந்தது. அதை மறைக்கவும் வேண்டாம். ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பது சத்தியத்தின் பகுதியாக இருப்பது அதனால்தான். மறுத்து எழுந்து போனவர்களும் கதையில் உண்டு.

சத்தியம் எப்படி வாங்குவது?

வருபவர் தான் பிறந்த ஊர் மண்ணிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவர வேண்டும். எல்லைக்கல்லின் மேல் வலது கையை வைத்து ஒன்பது கட்டையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அடுத்த அமாவாசைக்குத்தான் மறுபடி. சொம்புத் தண்ணீர் சுற்றி வந்த பிறகு கூழாங்கல் பானைக்குள் போகும். பானையில் எத்தனை கல்லோ அத்தனை ஆள்.

கட்டை மீறினால்? காட்டிக்கொடுத்தால்?

கொலை கிடையாது. எவ்வளவு பெரிய துரோகத்துக்கும் கிடையாது. பிணம் விழுந்தால் ஊர் பேசும், ஊர் பேசினால் கூட்டம் இல்லை. சிறிய மீறலுக்கு அடுத்த பங்கில் பாதி பானைக்கு. இரண்டாம் முறை, மூன்று அமாவாசைக்குச் சுமை மட்டும், வட்டத்தில் வாக்கு இல்லை. மூன்றாவது, கல்லை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது. அவரோடு வட்டத்தார் யாரும் நெருப்பு வாங்க மாட்டார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக மாட்டார்கள். ஊர் விலக்கை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். விலக்கு வந்தவுடன் கூட்டம் எல்லா வழியையும் மாற்றிவிடும். அதற்கு ஒரு மாதம் வேலை நிற்கும். தண்டனையின் பாதியைக் கூட்டமே சுமக்கிறது. அதனால் வாக்கெடுப்பு எப்போதும் இழுபறியாக இருக்கும்.

தானாக விலகுபவருக்கு இதெல்லாம் இல்லை. ஒன்பதாம் கட்டுப்படி மூன்று நாள் முன்னால் சொல்லி, கல்லை வாங்கிக்கொண்டு போகலாம். வழி விடாத கூட்டத்திலிருந்து போகிறவர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவார்.

சோழி உருட்டுவது எப்படி?

ஆளுக்கு ஆறு சோழி. மூன்று அல்லது அதற்கு மேல் வாய் மேலாக விழுந்தால் காரியம் கைகூடும். சோழி சமமாக விழுந்தால் 64-ல் 42 தடவை நடக்கும். கட்டு மீறியவர் கையில் ஒரு சோழி குறையும். ஐந்து சோழியில் அதே காரியம் சரிபாதி. நான்கில் 16-க்கு 5. நம்பிக்கை போனவருக்குக் கை நடுங்குவதை இப்படித்தான் காட்டுகிறோம். கடையில் வாங்கிய சோழி பெரும்பாலும் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொன்றையும் 100 முறை உருட்டி, வாய் மேலாக 40-லிருந்து 60 தடவைக்குள் விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதுகைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி மறுபடி சோதியுங்கள்.

1954-ல் என்ன ஆகும்?

மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறும். எல்லைக் கெடுபிடி இறுகும். அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தெரிவிப்பார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறும். சுங்கக் கோடு போகும். மதுவிலக்குக் கோடு போகாது, ஏனென்றால் புதுச்சேரியில் சாராயக்கடைகள் அப்படியே இருந்தன. கூட்டம் அன்று இரண்டாகப் பிரியும். “கோடு போனது, வேலை முடிந்தது” என்பவர்கள் ஒரு பக்கம். “இன்னொரு கோடு இருக்கிறதே” என்பவர்கள் மறுபக்கம். இரண்டாம் பக்கத்தார் ஒன்பது கட்டையும் வைத்துக்கொண்டே போக முடியுமா என்பதுதான் கடைசி ஆட்டத்தின் கேள்வி. அரிசி இல்லாமல், ஊர் ஆதரவு இல்லாமல், மூன்றாம் கட்டுக்கு வேலையே இல்லை.

கடைசி ஆட்டத்தில் பானை உடையும். பணத்தை முதலில் எண்ணிப் பிடிபட்டவர் வீடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைத் தலைக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கூழாங்கல்லை எடுத்துக்கொள்ளலாம். சிறையில் இருப்பவரின் கல்லை அவர் வீட்டுப் பெண்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பாத்திரத்தை ஆடுபவர் அன்று வரவில்லையென்றால் பானையை உடைக்காமல் ஆட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.